மூன்றாவது துண்டு

நூல்கண்டு கனகராசு கைக்கு வந்தபோது ருக்மணி மனசுக்குள் தலை எண்ணினாள். இன்னும் நூல் பிடிக்காதவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி சுவரில் மாட்டியிருந்த டி.வி.யின் நாலாவது கட்டத்துக்குள், முகம் காட்டாமல், வெறும் ஃபேனாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஃபேனுக்குக் கீழே பாக்கியம் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ருக்மணிக்குத் தோன்றியது. நாற்பத்து மூணு வயசில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வந்து உட்கார்ந்துகொண்டு நினைக்கிற நினைப்பைப் பார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற வகுப்பு அது. சமுதாயக் கூடத்தில் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வட்டமாக, நேரில் வர முடியாத நாலு பேர் டி.வி.க்குள். பானு மிஸ் போன வாரம் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, "இன்னைக்குக் கணக்கு இல்லைங்க்கா, மொதல்ல ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கலாம், ஒரு விளையாட்டு" என்று பையிலிருந்து சிவப்பு உல்லன் நூலை எடுத்ததும் கூடமே கொல்லென்று சிரித்தது. "ஏனுங் மிஸ், திருப்பூருக்குள்ள இருந்துட்டு நூலைக் கடையில போயி வாங்கினீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூட்டை மூட்டையாக் கொண்டாந்து கொட்டியிருப்பமே." மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே விளையாட்டைச் சொன்னார். நூல் கைக்கு வந்தவர் பேர் சொல்ல வேண்டும், வேலை சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு நூலை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்டை மட்டும் வேறொருத்தருக்கு வீச வேண்டும். டி.வி. ஆளுக்கு வீச முடியாது என்பதால் மிஸ் அதை டி.வி. ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றுவார், அந்தப் பக்கத்து ஆள் தன் வீட்டு நூலில் ஒரு முழம் எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும். கடைசி ஆள் வரைக்கும் ஒருத்தரும் நூலை விடக்கூடாது. இங்கே சொல்வது இங்கேயே இருக்கும், வெளியே போகாது. அதை மட்டும் மிஸ் மூணு தடவை சொன்னார்.

கனகராசு எழுந்து நின்றார். ஐம்பது வயசு, ருக்மணி வேலை பார்க்கிற கம்பெனியில் முந்நூறு பேருக்கு சூப்பர்வைசர், அவர் ஒரு சத்தம் போட்டால் மெசின்களெல்லாம் தானாக நிற்கும் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுசன் சிவப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "எனக்கு ஏ பி சி டி முழுசா வராதுங் மிஸ். நடுவுல கொழம்பீரும். லேபிள்ல சைசு பாக்கறப்ப ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து மனசுக்குள்ள பாடித்தான் எழுத்தைக் கண்டுபிடிப்பேன். இருபத்தி ரெண்டு வருசமா இப்படித்தான்." யாரும் சிரிக்கவில்லை. அடேங்கப்பா என்று ருக்மணிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. எத்தனை தடவை அவர் பக்கத்தில் நின்றிருக்கிறாள், சட்டையைப் புரட்டி லேபிளை உற்றுப் பார்க்கிற அந்த ரெண்டு நொடியில் என்ன கோபமோ என்று நடுங்கியிருக்கிறாள், உள்ளுக்குள் ஒரு சின்னப் பையன் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். மனுசருக்குள் என்னென்ன இருக்கிறது. இத்தனை வருசம் ஒரே கூரைக்கு அடியில், ஒரே வெக்கையில், ஒரே பஞ்சை மூக்கில் வாங்கிக்கொண்டு, ஒருத்தருக்குள் ஒருத்தர் இருப்பது தெரியாமல் எப்படி இருந்தோம் என்று இருந்தது. கண்டு குறுக்கே பறந்து மூட்டை தூக்குகிற செல்லமுத்துவிடம் போனது. ஐந்து பேர். காலையில் வருகைப் பதிவு எடுத்தபோது, இன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்த பாக்கியத்தின் பெயருக்கு டி.வி.யிலிருந்து வந்த அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "உள்ளேனுங் மிஸ்." ரெண்டே சொல். தொண்டையில் ஒரு சின்னக் கரகரப்பு, கடைசியில் ஒரு இழுவை. ஒன்பது வருசம் கழித்தும் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட மாதிரியே இருந்தது, ஏனென்றால் அந்தக் குரலை அவள் எப்போதும் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறாள். ருக்மணி பதினாலாம் மெசின், ஓவர்லாக். பாக்கியக்கா பதினஞ்சாம் மெசின், பேட்லாக். இவள் ஓரம் தைத்துப் பின்னால் தள்ளினால் அவள் மடிப்புத் தைப்பாள். அதற்கடுத்து ருக்மணியின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவளுக்கு வாயிலிருந்து காற்றுதான் வந்தது, மிஸ் ரெண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளேன் வந்தது. அதுவரை பாதி நெற்றியும் ஒரு காதும் தெரிந்துகொண்டிருந்த நாலாவது கட்டம் அந்த நொடியில் ஆடி, சாய்ந்து, ஃபேனாகிவிட்டது. போனை மல்லாத்திப் போட்டுவிட்டாள். கேட்டுவிட்டாள். கேட்டுத்தான் மல்லாத்தினாள்.

செல்லமுத்து பேசிக்கொண்டிருந்தார், ருக்மணி கேட்டுக்கொண்டும் இருந்தாள், கேட்காமலும் இருந்தாள். ஊசி. எங்கே சுற்றினாலும் புத்தி ஊசியில் வந்து நின்றது. ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் அது சின்ன விசயம் இல்லை. உடைந்த துண்டு ஒன்று விடாமல் பொறுக்கி, ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மெசின் நம்பர், நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டல் நிற்கும், அதில் இருக்கிற அத்தனை உருப்படியையும் உதறித் தடவிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் லைனே எழுந்திருக்க முடியாது. ஒன்பது வருசத்துக்கு முன்னால் அன்றைக்கு ஓடியது குழந்தை உடுப்பு, பிறந்த குழந்தைக்குப் போடுகிற உள்ளங்கை அகலச் சட்டை. சாயங்காலம் நாலு நாற்பதுக்கு டிக்கென்று ஒரு சத்தம். மேல்பாதி மெசினிலேயே நின்றது, நடுத்துண்டு தட்டில் கிடந்தது, மூணாவது துண்டை, முனையை, காணோம். மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ரெண்டு தடவை போன் வந்திருந்தது, ஐந்து மணிக்கு பர்மிசன் சொல்லி வைத்திருந்தாள். டிராயர் மூலையில் பொத்தான்களோடு எப்போதோ கிடந்த பழைய முனை ஒன்று கையில் தட்டுப்பட்டது. யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்று பிற்பாடு ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள், அதுவும் பொய்தானோ என்னவோ. மூணு துண்டையும் கொண்டுபோய் ஒட்டினாள், கையெழுத்துப் போட்டாள், புது ஊசி வாங்கி வந்து உட்கார்ந்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். பாக்கியக்கா மெசினை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை. ஐயோ, அந்தப் பார்வை. "இந்த ஜென்மத்துல எனக்குன்னு ஒருத்தரும் கைதட்டினதில்லைங் மிஸ்" என்று செல்லமுத்து சொல்லி முடித்தார். கூடத்தில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், தட்டத்தான் தூக்கினார்கள், விரல்களில் நூல். விடக்கூடாதே. ஒரு நொடி எல்லோரும் திகைத்து, யார் முதலில் செய்தார்களோ தெரியாது, கையை மேலே தூக்கி நூலை உதறினார்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடிய அந்தச் சிவப்புப் பின்னல் முழுக்க, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அதிர்ந்தது. டி.வி.க்குள்ளும் தங்கள் தங்கள் நூலை ஆட்டினார்கள். செல்லமுத்து வாயைத் திறந்தபடி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ருக்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. வளர்ந்த ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், நூலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஆட்டுகிறார்கள், அதற்கு ஒரு மனுசன் அழுகிறான்.

செல்லமுத்து டி.வி.யில் ரெண்டாவது கட்டத்து வசந்தாவைக் கூப்பிட்டார். நாலு பேர். வசந்தா வெள்ளகோவிலில் தாய் வீட்டில் பிள்ளை பெற்று இருந்தாள். மஞ்சள் நூல் ஒரு முழத்தை மடியில் கிடந்த குழந்தையின் கால் கட்டைவிரலில் கட்டிவிட்டு, அந்தக் காலையே தூக்கிக் கேமராவில் காட்டினாள். எல்லோரும் கொஞ்சினார்கள். ருக்மணியின் கண் குழந்தை முகத்துக்குப் போகவில்லை, அது போட்டிருந்த சட்டையின் ஓர மடிப்புக்குப் போனது. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை, கல்யாண வீட்டுக் குழந்தை, தன் மகள் வயிற்றுப் பேத்தி, எல்லாவற்றுக்கும் முதலில் சட்டை மடிப்பைத்தான் விரல் தேடும். "ஏம்மா, புள்ளையத் தடவறியா, துணியத் தடவறியா?" என்று மகள் ஒருநாள் கேட்டேவிட்டாள். நல்லவேளை அந்த மெசின் இருந்தது. அட்டைப்பெட்டிக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு உருப்படியும் ஒரு பெல்ட்டில் ஏறி, ஒரு சின்ன வாசலுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், துளி இரும்பு இருந்தாலும் அது கத்தும். மறுநாள் காலையில் கத்தியது. எத்தனை ஆயிரம் சட்டையில் ஒரு சட்டை, அதில் ஒரு மடிப்பு, அதில் ஒரு முனை, எள்ளில் பாதி கூட இல்லை, அதை அந்த மெசின் எப்படித்தான் கேட்டதோ. கடவுளுக்குக் காது இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தாள். கனகராசுதான் மடிப்பைப் பிரித்து முனையை எடுத்தார். நோட்டைப் பார்த்தார்கள். பதினாலாம் மெசின், மூணு துண்டும் சரி, கையெழுத்து. பதினஞ்சாம் மெசின், எழுத்தே இல்லை. மடிப்புத் தையல் பதினஞ்சாம் மெசினுடையது. "உன்ற மெசின்ல ஊசி உடைஞ்சுதா அம்மிணி?" பாக்கியக்கா ஒன்றும் சொல்லவில்லை. இவளை ஒரே ஒரு தடவை பார்த்தாள். சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு, மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். அஞ்சு வருசம் வேலை பார்த்த கம்பெனி. பார்த்திருக்கிறாள், நான் டிராயரைத் திறந்ததைப் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை போதும், இவதான் என்று கையை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லையே. ஏன்? என் மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததாலா? நான் புருசன் இல்லாதவள் என்றா? ஒன்பது வருசமாக இந்த இடத்தில் வந்துதான் ருக்மணியின் புத்தி இடறி விழுகிறது. சாமி கும்பிடுகிறபோது கூட, கண்ணை மூடினால் பாக்கியக்கா முகம்தான் வரும். அப்படியொரு மனசு ஒரு மனுசிக்கு இருக்குமா?

கண்டு வட்டத்துக்குத் திரும்பி வந்து ஒருத்தர் கைக்குப் போனது, அவர் சொன்னார், எல்லோரும் உதறினார்கள். இன்னொருத்தர் கைக்குப் போனது. ருக்மணி தான் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பல்லி. எனக்குப் பல்லி என்றால் பயம், வீட்டில் யாருக்கும் தெரியாது. பொய்யும் இல்லை, பயம்தான். பல்லி என்று சொல்லிவிட்டு, பாக்கியம் என்று கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். வேறென்ன செய்ய? அந்த வருசமே அவள் நோட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி செக்கிங்குக்கு மாற்றினார்கள், இப்போது ஊசி நோட்டே அவள் கையில்தான். உடைந்த ஊசியோடு வருகிற பெண்களிடம், மூணாவது துண்டு எங்கே, தேடு, தேடிட்டு வா என்று சொல்கிறவளே அவள்தான். பத்தாம் வகுப்பு முடித்தால் அந்த வேலை நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதிரே கனகராசு உட்கார்ந்திருக்கிறார். இங்கே சொல்வது வெளியே போகாது என்று மிஸ் சொல்லலாம், வெளியே இருக்கிறவரே உள்ளே உட்கார்ந்திருந்தால்? வேண்டாம் தாயே. பல்லி. பல்லி. நினைத்துக்கொண்டிருக்கும்போதே மடியில் தொப்பென்று கண்டு விழுந்தது. சண்டாளக் கண்டு, பாதியாக இளைத்திருந்தது. எடுத்தாள். இன்னும் பாக்கி ஒரே ஒருத்தி. எல்லோரும் இவளைப் பார்த்தார்கள், டி.வி.க்குள் மூணு பேர் பார்த்தார்கள், ஃபேன் சுற்றியது.

"என்ற பேர் ருக்மணிங்க. கம்பெனியில ஊசி நோட்டு எழுதறவ." நூலைச் சுட்டுவிரலில் சுற்றினாள். "எனக்கு..." பல்லி என்று நாக்கு மடங்கியது. அப்போது விரலில் ஒரு இழுப்பு. யாரோ எங்கேயோ கையை அசைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், செல்லமுத்து மூக்கைத் துடைத்திருக்கலாம், டி.வி. ஸ்டாண்டு ஆடியிருக்கலாம். ஆனால் அந்த இழுப்பு விரலிலிருந்து தோளுக்கு ஏறி முதுகுக்குப் போனது, முதுகுக்குப் பின்னால் ஒரு பேட்லாக் மெசின் ஓடி நின்ற மாதிரி இருந்தது, அத்தனை பேர் கையும் தன் விரலோடு கட்டியிருக்கிறதே என்று ஒரு பிரமிப்பு, பிரமிப்பா பயமா என்று தெரியவில்லை, வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. "ஒம்போது வருசத்துக்கு முன்னாடி குழந்தைச் சட்டை ஓட்டறப்ப என்ற ஊசி ஒடைஞ்சுதுங்க. மூணாவது துண்டு கெடைக்கலை. டிராயர்ல கெடந்த பழைய முனையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பழி பாக்கியக்கா மேல விழுந்துது. அக்கா என்னையப் பாத்துட்டும் காட்டிக்குடுக்கலை. வாயே தொறக்கலை. அந்தக் குத்தத்தை எனக்காகத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் நின்னு பாத்துட்டு இருந்தேன்." கூடத்தில் பனியன் கம்பெனி தெரியாத ஆள் பானு மிஸ் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஊசி என்றால் என்னவென்று தெரியும். கனகராசு எழுந்திருக்கப் போனார், விரலில் நூல் இருந்தது, உட்கார்ந்தார். ருக்மணி கண்டை மிஸ்ஸிடம் நீட்டினாள். "பாக்கியக்காவுக்குங் மிஸ்."

டி.வி.யில் ஃபேன் சுற்றியது. சுற்றியது. பிறகு ஃபேன் சாய்ந்து, ஒரு ஜன்னல் ஓடி, ஒரு தையல் மெசின் ஓடி, பாக்கியக்கா முகம் வந்து நின்றது. முன்னந்தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் வெள்ளை நூல், நாலு விரலிலும் இறுக்கிச் சுற்றி, நெடுநேரமாகப் பிடித்திருந்த மாதிரி விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. "ருக்கு" என்றாள். குரல் வாயசைவுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. "நீ என்ன புள்ளே சொல்றே? என்ற மெசின்லயும் அன்னைக்கு ஊசி ஒடைஞ்சுது. நாலே முக்காலுக்கு. முனையைக் காணோம். நான் நோட்டுக்கே போகலை. முந்தானையில குத்தி வெச்சிருந்த பழைய ஊசியை எடுத்து மாட்டிட்டேன். நிமிந்தா, நீ திரும்பி என்னையவே பாத்துட்டு இருக்கறே. தொலைஞ்சோம்னு நெனச்சேன். காலையில மெசின் கத்துச்சு. நீ காட்டிக்குடுக்கலையே. ஒம்போது வருசமா எங்க போனாலும் உன்னையத்தான் சொல்லீட்டு இருக்கறேன், அவ கண்ணால பாத்துட்டும் வாயத் தொறக்காதவன்னு."

"நான் பாத்தது, நீங்க என்னையப் பாத்துட்டீங்களான்னுங்க்கா."

"அட சாமி" என்றாள் பாக்கியக்கா. வாயைப் பொத்திக்கொண்டாள், நூலோடு. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று டி.வி.யிலிருந்து வந்தது, ருக்மணியிடமிருந்தும் அதேதான் வந்தது. ஒன்பது வருசமாக அந்தப் பக்கம் ஒருத்தி இவளைக் கும்பிட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் இவள் அவளைக் கும்பிட்டுக்கொண்டு, ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு புண்ணியமும் நடக்கவில்லை, ரெண்டு திருட்டு முழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது மட்டும்தான் நடந்திருக்கிறது. அதுவா இத்தனை வருசம் தன்னைக் கைபிடித்து நடத்தியது? அது இல்லாமல் அவள் இத்தனை பேரிடம் இத்தனை பொறுமையாக இருந்திருப்பாளா, எத்தனை பெண்களை நோட்டைக் காட்டி மிரட்டாமல் தானே குனிந்து டார்ச் அடித்துத் தேடிக் கொடுத்திருக்கிறாள், பாக்கியக்கா செய்த மாதிரி செய்ய வேண்டும் என்றுதானே. செய்யாததைப் பார்த்தா கற்றுக்கொண்டாள்? நினைக்க நினைக்க அதிசயமாக இருந்தது. அப்புறம்தான், ரொம்ப மெதுவாக, அந்தக் கணக்கு உறைத்தது. கூடம் முழுக்க ஒரே சமயத்தில் உறைத்திருக்க வேண்டும். டெய்லர்கள் இல்லையா, எண்ணத் தெரியாதா? காணாமல் போனது ரெண்டு முனை. மெசின் கத்தியது ஒரு தடவை. வசந்தா தன் குழந்தையை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு தேசத்தில், பேர் கூடத் தெரியாத ஒரு குழந்தையின் இடுப்பில்...

"ரெண்டு தடவை கத்துச்சு" என்றார் கனகராசு. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "மொதல் தடவை எல்லாரும் பாத்தீங்க. மத்தியானம் ரெண்டாவது தடவை கத்துறப்ப நான் மட்டும்தான் இருந்தேன். அதையும் பிரிச்சு எடுத்துட்டேன். சரக்குல ஒண்ணும் போகலை, பயப்படாதீங்க. ஆனா எழுதலை. ரெண்டுன்னு எழுதினா லைனு மொத்தத்தையும் நிறுத்துவாங்க, என்னையவும் சேத்து. காலையிலதான் ஒருத்திய அனுப்பியாச்சு. அப்புடியே அமுக்கிட்டேன்." ஏ பி சி டி-யைச் சொல்லி இந்த மனுசனும் தப்பித்துத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார், அது அவருடைய பல்லி. ருக்மணிக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும், வரும், நாளைக்கு நிச்சயம் வரும், இப்போதைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறது மட்டும்தான் உடம்பு முழுக்க ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாத் துண்டும் இருக்கிறது.

கனகராசு டி.வி.யை நிமிர்ந்து பார்த்தார். "திங்கக்கிழமை கம்பெனிக்கு வா அம்மிணி. நான் மேல பேசறேன்."

"வேலை எனக்கு இருக்குதுங்கண்ணா, ஊட்டுல மெசின் போட்டுத் தெச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்றாள் பாக்கியக்கா. குரலில் இப்போது இழுவை இல்லை. "ருக்கு, நோட்டு நீதானே எழுதறே? அந்தப் பக்கம் இன்னும் இருக்குமா?"

"எல்லா வருசத்து நோட்டும் பீரோல இருக்குதுங்க்கா."

"எழுதீரு. ரெண்டு முனையும் எழுதீரு. என்ற மெசின் நம்பரும் போட்டுரு, நான் ஒண்ணும் செய்யாதவன்னு எழுதாதே. நேரம் போட்டு எழுது."

எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நோட்டு கையை விட்டுப் போகும், நிரந்தரமும் போகும், திரும்பப் பதினாலாம் மெசினோ, அதுவும் இல்லாமலோ. மகளிடம் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருந்தது. பயம் இருந்த இடத்திலேயே இருக்க, வாய் சொன்னது, "என்றது நாலு நாப்பதுங்க்கா. உங்களுது நாலே முக்கால். திங்கக்கிழமை எழுதிக் கையெழுத்துப் போட்டுர்றேன்." கனகராசு தன் விரலிலிருந்த நூலை விடவில்லை.

பானு மிஸ்ஸுக்குப் பாவம், முகமெல்லாம் வெளுத்திருந்தது. பயிற்சியில் இதற்கெல்லாம் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மிச்சமிருந்த கண்டை ஸ்டாண்டில் கட்டிவிட்டு, "இப்ப... கடைசியா நூல் புடிச்சவங்க மொதல்ல விடணும்ங்க்கா, அப்புறம் வந்த வழியிலயே சுத்திக்கிட்டே வரலாம்" என்றார்.

"கொஞ்ச நேரம் இப்புடியே இருக்கட்டுமுங் மிஸ்" என்றாள் பாக்கியக்கா.

ருக்மணி தன் விரலில் நூலை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.